சைக்கிளில் தங்கச்சி வீட்டுக்கு
(மாதாந்திரக் குடும்பச் சந்திப்பில் சகோதரர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



எனக்கு மேடையில் பேசிப் பழக்கமில்லை. கடையில் நின்று ஆணி, பெயின்ட், பைப் விற்றுப் பழகியவன். "திருச்சியிலிருந்து மீமிசல் பக்கம் சைக்கிளில் போனீர்களாமே, அதைப் பற்றிப் பத்து நிமிடம் பேசுங்கள்" என்று நம் செயலாளர் கேட்டார். பத்து நிமிடத்தில் முடியாது என்று அப்போதே சொல்லிவிட்டேன். 115 கிலோமீட்டருக்கு மேல் ஓட்டியிருக்கிறேன், கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். எனக்கு வயது 57. சர்க்கரை வந்து ஆறு வருடம் ஆகிறது. இரண்டு வருடத்துக்கு முன்பு, "மாத்திரையைக் கூட்டிக்கொண்டே போகலாம், இல்லாவிட்டால் நீங்கள் உடம்பை அசைக்கலாம், இரண்டில் ஒன்று" என்றார் மருத்துவர். நடை எனக்கு ஒத்து வரவில்லை, முழங்கால் வலித்தது. சைக்கிளில் உடம்பின் பாரத்தைச் சீட் தாங்கிக்கொள்கிறது. அதனால் பழைய கியர் சைக்கிள் ஒன்றை 6,500 ரூபாய்க்கு வாங்கினேன். முதல் வாரம் பாலக்கரையிலிருந்து ஜங்ஷன் போய் வருவதற்குள் மூச்சு வாங்கியது. ஆறு மாதத்தில் கல்லணை வரை போய் வந்தேன். அதன் பிறகுதான் தங்கச்சி வீட்டுக்குச் சைக்கிளிலேயே போனால் என்ன என்று ஆசை வந்தது. மீமிசலுக்குப் பக்கத்தில் கடலோர ஊரில் அவளைக் கட்டிக்கொடுத்திருக்கிறோம்.

ஜனவரி மாதம், ஞாயிற்றுக்கிழமை. பஜ்ர் தொழுதுவிட்டுக் கிளம்பினேன். வீட்டில் "புதுக்கோட்டை வரைக்கும் போயிட்டு வர்றேன்" என்று மட்டும் சொன்னேன். அது பொய் இல்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன், ஏனென்றால் புதுக்கோட்டை வழியாகத்தான் போக வேண்டும். மனைவி இதோ இங்கேதான் உட்கார்ந்திருக்கிறார். அவர் முகத்தைப் பார்க்காமல் மேலே பேசுகிறேன்.

நகரத்தை விடியலில் பார்ப்பதே தனி. டி.வி.எஸ். டோல்கேட்டில் பால் வண்டிகளும் வெளியூர் பேருந்துகளும் மட்டும்தான். விமான நிலையம் தாண்டும்போது, வளைகுடாவிலிருந்து யாரோ வந்து இறங்கியிருக்கிறார்கள் போல, ஒரு குடும்பமே வேன் வைத்து வந்து நின்றது. பெட்டிகளைக் கூரையில் ஏற்றிக் கயிறு கட்டிக்கொண்டிருந்தார்கள். நம் வீடுகளில் யார்தான் அந்த வாசலில் நின்று அழுததில்லை? மாத்தூர் தொழிற்பேட்டை வரைக்கும் ஊர் கூடவே வருகிறது. அதற்கப்புறம் சட்டென்று வெளி திறக்கிறது. செம்மண், பாறை, சீமைக் கருவேலம். வாடைக்காற்று இடப்பக்கத்திலிருந்து அடித்தது.

ஒரு விஷயம், சைக்கிளில் போகிறவருக்குத்தான் ரோடு மேடா பள்ளமா என்று தெரியும். காரில் நூறு தடவை போன பாதைதான் இது. சமதளம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். களமாவூர்ப் பக்கம் கால் சொன்னது, இல்லை என்று.

கீரனூருக்கு முன்னால் பின் டயர் இறங்கிவிட்டது. கருவேல முள். என்னிடம் மாற்று ட்யூப் இருந்தது, பம்ப் இருந்தது, ஆனால் சக்கரத்தைக் கழற்றும் ஸ்பேனரைப் பழைய பையிலேயே விட்டுவிட்டு வந்திருந்தேன். ஹார்டுவேர் கடைக்காரன் ஸ்பேனர் இல்லாமல் நடுரோட்டில் நிற்கிறேன்! சிரிக்காதீர்கள். இரண்டு கிலோமீட்டருக்கு மேல் தள்ளிக்கொண்டு போனேன். அந்தக் காலத்தில் ஊருக்கு ஊர் சைக்கிள் கடை இருக்கும், மணிக்கு இத்தனை என்று வாடகைக்கும் விடுவார்கள், தண்ணீர்த் தொட்டியில் ட்யூபை முக்கிக் குமிழி பார்ப்பார்கள். இப்போது பஞ்சர் கடை என்றால் பைக்கும் லாரியும்தான். கடைசியில் ஒரு லாரி டயர் கடைக்காரர்தான் உதவினார். "ரொம்ப நாளாச்சுங்க சைக்கிள் ட்யூப தொட்டு" என்று ஆசையாகச் செய்து கொடுத்தார், காசு வாங்க மாட்டேன் என்றார். இதில் ஒரு மணி நேரத்துக்கு மேல் போய்விட்டது. அந்த ஒரு மணி நேரம்தான் பிறகு என்னைக் கவிழ்த்தது.

நார்த்தாமலைக் குன்றுகளைப் பார்த்துக்கொண்டே ஓட்டினேன். கல் ஏற்றிய டாரஸ் லாரிகள் உரசுகிற மாதிரி போகும், கைப்பிடியை இறுக்கிக்கொண்டு வெள்ளைக் கோட்டுக்கு வெளியே போய்விட வேண்டும். புதுக்கோட்டைக்குள் நுழையும்போது மணி பதினொன்றைத் தாண்டிவிட்டது.

புதுக்கோட்டையைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். 1948 வரை தனி சமஸ்தானமாக இருந்த ஊர். ராஜ வீதிகள் நேர் நேராக இருக்கும். ராஜாவின் அரண்மனையில்தான் இப்போது ஆட்சியர் அலுவலகம். அந்தக் கட்டடத்தைப் பார்த்ததும் சைக்கிளை நிறுத்திவிட்டேன்.

இளைஞர்களுக்குத் தெரிந்திருக்காது. 1991இல் இந்த மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் தொடங்கியது. எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்கு, முக்கியமாகப் பெண்களுக்கு, மாலையில் பாடம் சொல்லிக் கொடுத்தார்கள். ஷீலா ராணி சுங்கத் என்ற அம்மையார் அப்போது மாவட்ட ஆட்சியர். படிப்போடு சேர்த்துப் பெண்களுக்குச் சைக்கிளும் கற்றுக்கொடுங்கள் என்று அவர்கள் கொண்டுவந்தார்கள். ஒரு பெண் தானாக ஓர் இடத்துக்குப் போய் வர முடியவில்லை என்றால், எழுத்து மட்டும் தெரிந்து என்ன செய்வது என்ற யோசனை. சைக்கிள் வாங்க வங்கிகளில் கடன் கிடைக்கவும் வழி செய்தார்கள். பாட்டுக்கூடக் கட்டிப் பாடினார்கள். கல் குவாரியில் வேலை செய்த பெண்கள், விவசாயக் கூலிகள், அங்கன்வாடிப் பணியாளர்கள், ஆசிரியைகள் என்று எல்லாரும் கற்றார்கள். 1992 மகளிர் தினத்தன்று சுமார் 1,500 பெண்கள் இந்தப் புதுக்கோட்டை வீதியில் சைக்கிள் ஊர்வலம் போனார்கள். மாவட்டம் முழுக்கக் கற்றுக்கொண்டவர்கள் லட்சத்துக்குக் குறையாது என்பார்கள். பத்திரிகையாளர் பி. சாய்நாத் இதைப் பற்றி எழுதியிருக்கிறார். கட்டுப்பாடான குடும்பங்களைச் சேர்ந்த முஸ்லிம் இளம்பெண்களும் அதில் சைக்கிள் ஓட்டினார்கள் என்று அதில் வருகிறது.

அந்த முஸ்லிம் இளம்பெண்களில் ஒருத்தியாக என் தங்கச்சி இருந்திருக்க வேண்டியவள்.

நாங்கள் அப்போது அறந்தாங்கிக்குப் பக்கத்தில் கிராமத்தில் இருந்தோம். எங்கள் அத்தா ஜவுளி வியாபாரி. கடை கிடையாது, ஹெர்குலிஸ் சைக்கிள்தான் கடை. கேரியரில் ஆளுயரத்துக்குக் கைலியும் வேட்டியும் சேலையும் கட்டி, ஊர் ஊராகத் தவணைக்குக் கொடுத்து வசூல் செய்வார்கள். ஒரு நாளைக்கு நாற்பது, ஐம்பது கிலோமீட்டர் மிதிப்பார்கள். அதற்கு யாரும் டூரிங் என்று பெயர் வைக்கவில்லை. தங்கச்சி பத்தாவது முடித்திருந்தாள், வயது பத்தொன்பது. அறிவொளியில் தொண்டராகச் சேர்ந்து, நான்கு கிலோமீட்டர் தள்ளி ஒரு குடியிருப்பில் மாலை வகுப்பு எடுத்தாள். நடந்து போய் வருவதற்குள் இருட்டிவிடும். சைக்கிள் கற்றுக்கொள், கடனுக்கு ஏற்பாடு செய்கிறோம் என்று இயக்கத்தில் சொன்னார்கள். அத்தா அசந்த நேரம் பார்த்து அந்த ஹெர்குலிஸில் குரங்குப் பெடல் போட்டுப் பாதி கற்றும் விட்டாள். அத்தாவுக்குத் தெரியும், தெரியாத மாதிரி இருந்தார்கள்.

வேண்டாம் என்று சொன்னது நான். எனக்கு 24 வயது. அறந்தாங்கியில் ஒரு கடையில் வேலை. டீக்கடையில் நாலு பேர் சிரித்தால் என்ன செய்வது என்ற பயம். அதை மார்க்கத்தின் பெயரால் சொன்னேன், அதுதான் இன்னும் உறுத்துகிறது. மார்க்கத்தை யாரிடமும் கேட்டு நான் சொல்லவில்லை. அத்தா, "கௌரவமா உடுத்திக்கிட்டு நல்ல காரியத்துக்குத்தானடா போறா" என்றார்கள். நான் சாப்பிடாமல் இரண்டு நாள் முரண்டு பிடித்தேன். வகுப்பு நின்றது. அடுத்த வருடம் கல்யாணம்.

இதையெல்லாம் நினைத்துக்கொண்டு அரண்மனை வாசலில் நின்றேனே தவிர, நேரமாகிவிட்டது என்று சாப்பிடாமல் கிளம்பிவிட்டேன். ஒரு டீ குடித்தேன், அதுவும் சர்க்கரை இல்லாமல். காலையில் வீட்டில் இரண்டு இட்லியும், வழக்கமான மாத்திரையும். நான் சாப்பிடுவது மெட்ஃபார்மினும் கிளிமிபிரைடும்.

தாய்மார்களே, இந்தப் பகுதியை மட்டும் கவனமாகக் கேளுங்கள். இங்கே பாதிப் பேர் வீட்டில் இந்த மாத்திரைகள் இருக்கின்றன.

அறந்தாங்கி ரோட்டில் தைலமரக் காடு தாண்டிப் போய்க்கொண்டிருந்தேன். வெயில் அவ்வளவு இல்லை. ஆனால் சட்டை நனைந்து வியர்வை கொட்டியது, அதுவும் குளிர்ந்த வியர்வை. கை நடுங்கியது. வெயில்தான் என்று நினைத்தேன். பிறகு ஒரு கைகாட்டிப் பலகையில் ஊர்ப் பெயரைப் படிக்கிறேன், எழுத்து தெரிகிறது, என்ன ஊர் என்று மனதில் ஏறவில்லை. நெஞ்சு படபடக்கிறது. எதற்கென்றே தெரியாமல் ஒரு கோபம். சைக்கிளை எப்படி நிறுத்தினேன் என்பது ஞாபகமில்லை, புளியமரத்தடியில் உட்கார்ந்திருந்தேன்.

அரசுப் பள்ளியில் கொடுக்கும் சைக்கிளில், முன்கூடையோடு, இரண்டு சிறுமிகள் வந்தார்கள். கேரியரில் புல்லுக்கட்டு. ஒருத்தி இறங்கி, "தாத்தா, என்ன பண்ணுது?" என்றாள். அந்த நிலையிலும் 'தாத்தா' என்றது காதில் விழுந்தது! பையைக் காட்டினேன். அவள்தான் குளுக்கோஸ் பொட்டலத்தை எடுத்துப் பாட்டில் தண்ணீரில் கலக்கிக் கொடுத்தாள். குடித்த பிறகுதான் விரலில் குத்திப் பார்க்கும் புத்தி வந்தது. 58 காட்டியது. அது குடித்ததற்குப் பிறகு. முன்னால் எவ்வளவு இருந்ததோ.

70க்குக் கீழே போனால் அது தாழ்சர்க்கரை. உடனே 15 கிராம் அளவுக்கு வேகமாக ரத்தத்தில் சேரும் சர்க்கரை கொடுக்க வேண்டும், அதாவது மூன்று தேக்கரண்டிச் சர்க்கரை கரைத்த தண்ணீர், அல்லது குளுக்கோஸ், அல்லது அரை டம்ளருக்குச் சற்று அதிகமான பழச்சாறு. பிஸ்கட், சாக்லேட் வேலைக்கு ஆகாது, அவை மெதுவாகத்தான் சேரும். 15 நிமிடம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும். ஏறவில்லை என்றால் மறுபடி கொடுக்க வேண்டும். ஏறிய பிறகு சோறோ இட்லியோ சாப்பிட வேண்டும், இல்லாவிட்டால் மறுபடி இறங்கும். மயங்கிவிட்டவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது, மூச்சுக்குழாயில் போய்விடும். 108ஐ அழையுங்கள்.

மெட்ஃபார்மின் தனியாகச் சாப்பிடுகிறவர்களுக்கு இப்படி இறங்குவது அபூர்வம். கிளிமிபிரைடு வகை மாத்திரை, இன்சுலின் இவை எடுப்பவர்கள்தான் எச்சரிக்கையாக இருக்க வேண்டும். வெறும் வயிறும் உடல் உழைப்பும் சேர்ந்தால் தள்ளிவிடும். என் மருத்துவரிடம் பிறகு இதைச் சொன்னபோது திட்டித் தீர்த்துவிட்டார். நீண்ட தூரம் ஓட்டுகிற நாளில் மாத்திரை அளவை மாற்ற வேண்டியிருக்கும், அதை முன்கூட்டியே வந்து கேட்டிருக்க வேண்டும் என்றார். நீங்களாகக் குறைத்துக்கொள்ளவும் வேண்டாம், கேட்டுச் செய்யுங்கள். ரமலான் வருகிறது. இதே மாத்திரையோடு நோன்பு வைக்கிறவர்கள் இப்போதே போய் நேரத்தையும் அளவையும் மாற்றிக் கேளுங்கள். நோன்பு நேரத்தில் 70க்குக் கீழே இறங்கினால் நோன்பை விட்டுவிடச் சொல்கிறார்கள் மருத்துவர்கள். விரலில் குத்திப் பார்ப்பதால் நோன்பு முறியாது என்று ஆலிம்கள் சொல்லியிருக்கிறார்கள், அந்தப் பயம் வேண்டாம்.

கால் மணி நேரம் கழித்துப் பார்த்தேன், 84. அந்தச் சிறுமிகள் அதுவரை போகவில்லை. ஒருத்தி வீட்டுக்குப் போய்த் தூக்குவாளியில் தயிர்சோறு கொண்டுவந்தாள். பேர் கேட்டேன், என்ன படிக்கிறாய் என்று கேட்டேன். பதினொன்றாவது என்றாள். பள்ளிக்கூடம் ஐந்து கிலோமீட்டராம், தினமும் இதில்தான் போகிறாளாம். வேறு எதுவும் கேட்க எனக்கு வாய் வரவில்லை.

அறந்தாங்கிப் பள்ளிவாசலில் லுஹர் தொழுதுவிட்டு அரை மணி நேரம் காலை நீட்டிப் படுத்தேன். பாதத்தையும் பார்த்துக்கொண்டேன். சர்க்கரை உள்ளவர்களுக்குக் காலில் கொப்புளம் வந்தாலும் வலி தெரியாமல் போகலாம், பார்த்தால்தான் தெரியும். அங்கிருந்து பேருந்தில் சைக்கிளை ஏற்றிக்கொண்டு போயிருக்கலாம். போயிருக்கவும் வேண்டும். ஆனால் மறுபடி பார்த்தபோது 130க்கு மேல் இருந்தது, பையில் குளுக்கோஸ் இருந்தது, எனக்கும் பிடிவாதம் இருந்தது.

அறந்தாங்கிக்குத் தெற்கே வேறு நாடு. காவிரித் தண்ணீர் கல்லணைக் கால்வாயில் வந்து சேரும் கடைமடைப் பகுதி இது. தண்ணீர் வந்த வருடம் சிரிப்பார்கள், வராத வருடம் வானத்தைப் பார்ப்பார்கள். இந்த முறை சம்பா அறுவடை நடந்துகொண்டிருந்தது. ரோட்டில் பாதியை நெல் காயவைத்து மறித்திருந்தார்கள், மீதியில் வைக்கோல். சைக்கிள் சக்கரம் வைக்கோலில் வழுக்கும், நெல்லில் ஏறினால் காலால் கிளறிக்கொண்டிருக்கும் அம்மா திட்டும். இரண்டும் எனக்கு நடந்தது. ஆவுடையார்கோவில் தாண்டியதும் கண்மாய்க் கரைகள், பனைமரங்கள். பிறகு காற்றில் உப்பு வாசனை. கடற்காற்று எதிரே நின்று தள்ளியது. கடைசிப் பத்து கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனது.

தங்கச்சி வாசலில் மீன் கழுவிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்து, பிறகு சைக்கிளைப் பார்த்து, பிறகு தெருவைப் பார்த்தாள், பின்னால் கார் வருகிறதா என்று. "அண்ணே, இதுலயா வந்த?" என்றாள். மச்சான் சிரித்துக்கொண்டே சைக்கிளை உள்ளே தூக்கி வைத்தார்.

சாப்பிட்ட பிறகு எல்லாவற்றையும் சொன்னேன். 58 என்றதும் என்னைத் திட்டினாள், அழுதாள். அவளுக்கும் சர்க்கரை. அது எனக்குத் தெரியும். தெரியாதது என்னவென்றால், மூன்று மாதமாக அவள் மாத்திரை வாங்கப் போகவில்லை. ஆரம்ப சுகாதார நிலையம் ஆறு கிலோமீட்டர். மாத்திரை இலவசம்தான். காலையில் ஒரு பேருந்து, அதில் போனால் மத்தியானம்தான் திரும்ப முடியும். மகன் பைக் வைத்திருக்கிறான், ஆனால் வேலைக்குப் போகிறவனை எத்தனை தடவை கேட்பது என்று விட்டுவிட்டாள். சொல்லிவிட்டுச் சாதாரணமாக, "ஆறு கிலோமீட்டர் ஒரு தூரமா? அன்னைக்கு ஓட்டியிருந்தா நானே போயிட்டு வந்திருப்பேன்" என்றாள். நான் ஒன்றும் சொல்லவில்லை. அவளே மறுபடி, "அத்தா சரின்னுதான் சொன்னாங்க. நீதாண்ணே" என்றாள்.

முப்பது வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது. அவள் மறந்திருப்பாள் என்று நினைத்திருந்தேன். மன்னித்துவிடு என்று கேட்டேன். "சரி, படு, கால் வலிக்கும்" என்று பாயை விரித்தாள். மன்னித்தாளா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. மறுநாள் காலையில் மருமகனின் பைக்கில் அவளை நானே சுகாதார நிலையத்துக்கு அழைத்துப் போனேன். சர்க்கரை 310 இருந்தது. இப்போது மாதாமாதம் மருமகன் கூட்டிப் போகிறான், நான் போன் செய்து கேட்கிறேன்.

திரும்பும்போது சைக்கிளைப் பேருந்தின் மேலே ஏற்றித்தான் வந்தேன். வீட்டில் என்ன நடந்தது என்பதைச் சொல்ல வேண்டியதில்லை, உங்களுக்கே தெரியும். இப்போது எங்கே போகிறேன், என்ன சாப்பிட்டேன், எவ்வளவு காட்டியது என்று எழுதி வைத்துவிட்டுத்தான் சைக்கிளைத் தொட முடியும்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். என் மகள் பதினொன்றாவது படித்தபோது பள்ளியில் சைக்கிள் கொடுத்தார்கள். ஆட்டோவில் போ என்று சொல்லிவிட்டேன். மாடிப்படிக்குக் கீழே நின்றது. ஊரிலிருந்து வந்து அத்தனையும் சொன்ன அன்றைக்கு, அவள் மெதுவாக, "அத்தா, என் சைக்கிள் எங்க?" என்று கேட்டாள். அதைப் பழைய இரும்புக்காரரிடம் 700 ரூபாய்க்கு எடைக்குப் போட்டது நான்தான். அவளுக்கு அதுவரை தெரியாது.

நம் அறக்கட்டளை நிர்வாகிகளிடம் பேசியிருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு முதல் ஏழு வரை பள்ளிக்கூட மைதானத்தைப் பெண்களுக்கு மட்டும் ஒதுக்கித் தருகிறார்கள். சுற்றுச்சுவர் உயரம்தான், வெளியே இருந்து பார்க்க முடியாது. கற்றுக்கொடுக்க ஓர் ஆசிரியை சம்மதித்திருக்கிறார். இதுவரை ஐந்து பேர் பெயர் கொடுத்திருக்கிறார்கள். அதில் ஒருவருக்கு வயது 48, அவர் யார் என்று சொன்னால் எனக்கு இன்று இரவு சோறு கிடைக்காது. இருப்பது ஒரே ஒரு லேடீஸ் சைக்கிள். உங்கள் வீட்டில் மாடிப்படிக்குக் கீழே ஏதாவது கிடந்தால், துருப்பிடித்திருந்தாலும் பரவாயில்லை, எடைக்குப் போடாமல் என் கடையில் கொண்டுவந்து விடுங்கள். ட்யூப், செயின், பிரேக் கட்டை என் செலவு. ஸ்பேனரும் இப்போது இருக்கிறது.